காய்ச்சல் வலிப்புக் குழந்தையின் குடும்ப மரம்: குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தை மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு முதல் வலிப்பு 9 மாதக் குழந்தையாக இருந்தபோது, காய்ச்சலோடு வந்தது. அதிலிருந்து அவளுக்கு 7 வயது ஆகும்வரை ஐந்து மருத்துவர்கள் அவளைப் பார்த்தார்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் இழுத்தது, ஒரு பக்கமா இரு பக்கமா என்று ஐவருமே பொறுமையாகக் கேட்டார்கள்; குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார்கள். அவளைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சின்ன வயதில் எப்படி இருந்தது?" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுவது முறை. 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது; மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மறுபடியும் வருகிறது; பள்ளிக்கூட வயதை எட்டும்போது ஏறக்குறைய எல்லோருக்கும் நின்றுவிடுகிறது. ஆகவே "பயப்பட ஒன்றுமில்லை, வளர வளரச் சரியாகிவிடும்" என்று நீங்கள் சொல்வது பெரும்பாலான வீடுகளுக்கு உண்மையான சொல், ஆறுதலான சொல்லும்கூட. காய்ச்சலில் ஒருமுறை இழுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பெருங்கூட்டத்திற்குள் ஒரு சிறு கூட்டம் தனியாக நிற்கிறது. அதை அடையாளம் காண ஒரு வெள்ளைத் தாளும் பத்து நிமிடமும் போதும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மகளை ஆறாவதாகப் பார்த்த மருத்துவர் அப்படி ஒரு தாளைப் படுக்கை வாக்கில் திருப்பி வைத்து, கீழே நடுவில் ஒரு வட்டம் போட்டு, "இது பாப்பா" என்றார். அதற்கு மேலே எனக்கு ஒரு சதுரம், என் மனைவிக்கு ஒரு வட்டம், அதற்கும் மேலே எங்கள் பெற்றோருக்கு நான்கு வடிவங்கள். பிறகு, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்ததா?" என்று கேட்டார். நான், என் மனைவி, என் அம்மா மூவரும் ஒரே குரலில் இல்லை என்றோம். அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "சரி, சின்ன வயதில் காய்ச்சல் அடித்தபோது யாருக்காவது ஜன்னி கண்டதா, இழுப்பு வந்ததா, கண் செருகிப் போனதா, பல் கிட்டிக்கொண்டதா?" என்று கேள்வியை மாற்றிக் கேட்டார். என் அம்மா சற்று நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டு, "அது ஜன்னிதானே, வலிப்பு இல்லையே" என்றார்.

எனக்கு இரண்டு வயதிலும் மூன்று வயதிலும் ஜன்னி கண்டிருக்கிறது. என் அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, 12 வயதுவரை வந்திருக்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகளில் காய்ச்சல் இல்லாமலேயே வந்ததால் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அத்தையின் கணவருக்கு இன்றுவரை இது தெரியாது. 40 ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வெளிவராத செய்தி, கேள்வியில் நான்கு சொற்கள் மாறியதும் வெளியே வந்துவிட்டது. "வலிப்பு நோய்" என்பது உங்கள் சொல். எங்கள் வீடுகளில் அந்தப் பெயருக்கு ஒரு களங்கம் ஒட்டிக்கொண்டிருப்பதால், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கதவு சாத்திக்கொள்கிறது. ஜன்னி, இழுப்பு, ஃபிட்ஸ் என்று வீட்டார் சொல்லும் சொற்களால் கேட்டால் திறக்கிறது. நாங்கள் பொய் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் நம்ப வேண்டும். எங்கள் கணக்கில் அது வேறு நோய்.

எங்கள் குடும்பத்தில் ஓடும் இந்த மரபுவழி வலிப்பு நோய்க்குப் பெயர் கிடைத்ததே ஒரு குடும்ப மரத்திலிருந்துதான் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1997இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர்களான இங்க்ரிட் ஷெஃபரும் சாமுவேல் பெர்கோவிச்சும் 2,000 பேரைக் கொண்ட ஒரு பெருங்குடும்பத்தின் வம்சாவளியை ஆராய்ந்து எழுதினார்கள். அதன் ஒரு கிளையில் மட்டும் நான்கு தலைமுறைகளில் 25 பேருக்கு வலிப்பு வந்திருந்தது. ஒருவருக்கு வந்தது போல் இன்னொருவருக்கு வரவில்லை. சிலருக்குக் குழந்தைப் பருவக் காய்ச்சல் வலிப்பு மட்டும். சிலருக்கு 6 வயதைத் தாண்டியும் காய்ச்சலில் வந்தது, அல்லது காய்ச்சலே இல்லாமல் வந்தது. சிலருக்கு அதோடு வெறித்த பார்வையும் உடல் துள்ளலும் சேர்ந்துகொண்டன. ஒருவருக்கு மட்டும் கடுமையான வகை. தனித்தனியே ஐந்து மருத்துவர்களிடம் போயிருந்தால் ஐந்து பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். ஒரே தாளில் வைத்துப் பார்த்ததால்தான் இது ஒரே கிளையில் பழுத்த வெவ்வேறு காய்கள் என்பது புலப்பட்டது. ஜெஃப்ஸ் பிளஸ் (GEFS+) என்று நீங்கள் சுருக்கிச் சொல்லும் நோய் அதுதான். இதற்கான ஒரு மரபணுவும் கண்டுபிடிக்கப்படாத காலத்தில், கோடுகளும் வட்டங்களும் சதுரங்களும் மட்டுமே அதைக் காட்டிக் கொடுத்தன.

மரபணுக்கள் அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன. 1998இல் எஸ்சிஎன்1பி, 2000இல் எஸ்சிஎன்1ஏ, 2001இல் ஜிஏபிஆர்ஜி2. முதல் இரண்டும் நரம்பணுவின் சுவரில் சோடியம் நுழையும் வாயிலைக் கட்டுவதில் பங்குள்ளவை. மூன்றாவது, நரம்பணுவை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளை ஏற்றுக்கொள்ளும் புரதத்துக்கானது. என் மகளிடம் மாறியிருப்பது எஸ்சிஎன்1ஏ. இரண்டாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கும் அந்த மரபணு, ஏறத்தாழ 2,000 அமினோ அமிலங்கள் கொண்ட நாவ் 1.1 என்ற புரதத்தை உண்டாக்குகிறது. சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் நரம்பணு துடிக்கும். அப்படியிருக்க, அந்த வாயில் பழுதானால் துடிப்பு குறையத்தானே வேண்டும், வலிப்பு ஏன் வருகிறது என்பது எனக்கு நெடுநாள் விளங்காத புதிராக இருந்தது. விடை 2006இல் எலிகளில் செய்த ஆய்வில் கிடைத்திருக்கிறது. நாவ் 1.1 வாயிலைப் பெரிதும் நம்பி வாழ்பவை மற்ற நரம்பணுக்களைப் பிடித்து நிறுத்தும் அணுக்கள். கடிவாளத்தைப் பிடித்திருக்கும் கை சோர்ந்தால் குதிரை ஓடத்தானே செய்யும். காய்ச்சல் இந்தச் சோர்வை உண்டாக்குவதில்லை, இருக்கும் சோர்வை வெளியே காட்டுகிறது.

அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மாறியிருந்தாலே போதும் என்பதால், மாற்றம் உள்ள ஒருவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு சரிபாதி. ஆனால் மாற்றத்தைப் பெற்றவர் எல்லோருக்கும் வலிப்பு வந்தே தீரும் என்பதில்லை. சிலர் வாழ்நாள் முழுவதும் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் அப்பாவுக்கு ஜன்னி வந்ததாக அம்மாவுக்கோ அத்தைக்கோ நினைவில்லை. வலிப்பு வந்தவர்களின் வடிவங்களைக் கறுப்பாகத் தீட்டிய எங்கள் தாளில் அவருடைய சதுரம் காலியாகவே இருக்கிறது. அவர் வழியாகத்தான் இது எனக்கு வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றுமில்லை என்ற பதிலோடு கேள்வியை நிறுத்திவிடாதீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான். சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் வரை போனால்தான் கிளை தெரியும்.

"சொந்தத்தில் கல்யாணம் செய்தீர்களா?" என்பது மட்டும் எல்லா இடத்திலும் எங்களிடம் கேட்கப்பட்டது. இல்லை என்றவுடன் மரபு என்ற பேச்சே முடிந்துபோனது. இரு பக்கமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் தோன்றும் நோய்களுக்கு அது நல்ல கேள்வி. ஒரு பக்கத்திலிருந்தே வரக்கூடிய இந்த நோய்க்கு அது போதாது. பிசிடிஎச்19 என்று இன்னொரு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் மாற்றமுள்ள பெண் குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது வலிப்பு கொத்துக்கொத்தாக வரும், அதே மாற்றமுள்ள ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வராது. நலமாக நடமாடும் ஒரு தாத்தா தன் மகள்கள் எல்லோருக்கும் அதைக் கொடுத்திருப்பார். அந்த வீட்டில் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால், தாத்தா பக்கம் யார் பார்வையும் போகாது.

குடும்ப மரம் காலியாக இருந்தால் நிம்மதி என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். 1978இல் ஷார்லட் திராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த கடுமையான வலிப்பு நோய், அதே எஸ்சிஎன்1ஏ மரபணுவால்தான் வருகிறது என்று 2001இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அவர்கள் பார்த்த ஏழு குழந்தைகளிடமும் மாற்றம் இருந்தது, பெற்றோரிடம் இல்லை. கருவிலேயே புதிதாகத் தோன்றிய மாற்றம் அது. நன்றாகச் சிரித்து, தலை நின்று, குப்புற விழுந்து வளர்ந்துவரும் குழந்தைக்கு 6 மாத அளவில் காய்ச்சலிலோ சுடுநீர்க் குளியலிலோ ஒரு பக்கமாக நெடுநேரம் வலிப்பு வருவது, அடுத்த முறை மறு பக்கத்தில் வருவது அதன் அடையாளம். அங்கே வம்சாவளித் தாளில் ஒரே ஒரு வடிவம்தான் கறுப்பாக இருக்கும். தாளை நம்பிக் காத்திருக்காமல் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய குழந்தை அது. திராவே நோய் உள்ள குழந்தைகளில் சிலருக்கு ஜெஃப்ஸ் பிளஸ் குடும்பங்களிலிருந்தும் மாற்றம் வந்திருக்கிறது என்பதால், தாள் நிறைந்திருக்கிறது என்று அலட்சியமாக இருக்கவும் வழியில்லை. ஒரே மரபணு ஒரு வீட்டில் மறந்துபோன ஜன்னியாகவும் இன்னொரு வீட்டில் பிள்ளையின் பேச்சையும் நடையையும் பின்னுக்கு இழுக்கும் நோயாகவும் இருக்கிறது. புரதமே உருவாகாதபடி மரபணு பாதியில் வெட்டுப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் திராவே பக்கம் சேர்கின்றன, ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறும் வகைகள் இரு பக்கமும் கிடக்கின்றன என்ற அளவுக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதைச் சரியாகச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

இவ்வளவும் ஒரு பெயருக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். மருந்துக்காக என்பது என் பதில். 7 வயதில் ஒரு நாள் காய்ச்சலே இல்லாமல் மகளுக்கு வலிப்பு வந்தபோது, அப்போது பார்த்த மருத்துவர் கார்பமசெபின் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் வேறொன்று தொடங்கியது. காலையில் எழுந்து தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுப்பாள். தோள் ஒரு வெட்டு வெட்டும். தம்ளர் கையிலிருந்து துள்ளிப் போய்ச் சுவரில் விழும். அவள் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டே "நான் போடலப்பா, அதுவா போச்சு" என்பாள். கவனக்குறைவு என்று அவளை நான் இரண்டு முறை திட்டியிருக்கிறேன். மருந்தின் அளவு கூட்டப்பட்டது. தம்ளர் விழுவதும் கூடியது.

கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிட்டாயின் ஆகியவை சோடியம் வாயிலை அடைத்து வேலை செய்பவை என்பதும், ஏற்கெனவே அந்த வாயில் சோர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு அவை கேடு செய்யக்கூடும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே வகையைச் சேர்ந்த லாமோட்ரிஜின் திராவே நோயில் வலிப்பைக் கூட்டுகிறது என்று 1998இலேயே எழுதிவிட்டார்கள். ஆறாவது மருத்துவர், மரபணு முடிவு வருவதற்கு முன்பே, அந்தத் தாளில் இருந்த மூன்று கறுப்பு வடிவங்களையும் தம்ளர் கதையையும் வைத்துக்கொண்டு கார்பமசெபினைப் படிப்படியாகக் குறைத்து வால்ப்ரோயேட்டுக்கு மாற்றினார். மகள் பெரியவளாகும்போது, பிள்ளைப்பேற்றில் அது உண்டாக்கக்கூடிய தீங்கை மனத்தில் வைத்து மருந்தை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்பதையும் அன்றே சொன்னார். தம்ளர் விழுவது நின்றது. இதைப் படிக்கும் பெற்றோர் யாரேனும் இருந்தால், உங்கள் பிள்ளையின் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது இதைவிட ஆபத்து.

திராவே குழந்தைகளுக்கு இன்று வேறு வழிகளும் உண்டு. ஸ்டிரிபென்டால் 2007இல் ஐரோப்பாவிலும், கன்னாபிடியால் 2018இலும் ஃபென்ஃப்ளூரமின் 2020இலும் அமெரிக்காவிலும் அவர்களுக்கென அனுமதி பெற்றன. நோயின் பெயர் தெரியாத குழந்தைக்கு இவற்றில் எதையும் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

இன்னொரு பழியையும் தாள் தீர்க்கும். தடுப்பூசி போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வந்து, அதில் முதல் வலிப்பு வந்த குழந்தைகளின் பெற்றோர் ஊசியைத்தான் குற்றம் சொல்வார்கள், அப்படித்தான் தோன்றும். 2006இல் பெர்கோவிச்சும் மற்றவர்களும், தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரைப் பரிசோதித்தபோது 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ மாற்றம் இருந்தது. ஊசி போடாவிட்டாலும் அடுத்த சளிக்காய்ச்சல் அதே வேலையைச் செய்திருக்கும். எங்கள் வீட்டில் ஊசியைக் குற்றம் சொல்லவில்லை, என் மனைவியைச் சொன்னார்கள். "எங்கள் பக்கம் இப்படி யாருக்கும் கிடையாது" என்ற பேச்சை ஆறு ஆண்டுகள் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அறையில் அம்மா வாய் திறந்த அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அம்மாவுக்கும் அவமானம் குறைந்திருக்கும், என் மனைவிக்கும் அந்த வழிப்பயணம் இல்லாமல் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கேள்வியை யாரிடம், யார் முன்னிலையில் கேட்கிறீர்கள் என்பதில் நீங்கள் கொஞ்சம் கருணை வைக்க வேண்டும்.

பரிசோதனை முடிவு வந்தபோது அதில் "முக்கியத்துவம் நிச்சயமில்லாத மாறுபாடு" என்று இருந்தது. ஆமா இல்லையா என்று கேட்டவனுக்கு இருக்கலாம் என்று பதில் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள் என்று மற்ற பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் மருத்துவர் பழைய தாளை மறுபடி எடுத்தார். கறுப்பு வடிவங்களிடமும் இதே மாறுபாடு இருந்தால் சந்தேகம் குறையும் என்றார். நான் ரத்தம் கொடுத்தேன். அத்தையிடம் போய்க் கேட்டேன். கணவருக்குத் தெரியக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அவரும் கொடுத்தார். மூவரிடமும் ஒரே இடத்தில் ஒரே மாற்றம். மற்ற சான்றுகளோடு இதுவும் சேர்ந்தபின் ஆய்வகம் தன் சொல்லை "நோய்க்குக் காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்" என்று மாற்றி எழுதியது. பள்ளிப் படிப்பை 12 வயதோடு இழந்த ஒரு பெண்ணின் ரத்தம்தான் என் மகளின் முடிவைத் தெளிவாக்கியது.

ஆகவே, மருத்துவர்களே, நான் கேட்பது இதுதான். காய்ச்சல் வலிப்பு இரண்டாம் முறை வந்த குழந்தைக்கும், ஒரு வயதுக்குள் நெடுநேரம் இழுத்த குழந்தைக்கும், 6 வயதுக்குப் பிறகும் நிற்காத குழந்தைக்கும் மூன்று தலைமுறைத் தாள் ஒன்றைப் போடுங்கள். வீட்டார் சொல்லும் சொற்களால் கேளுங்கள். சிறு வயதில் காய்ச்சலிலோ தூக்கத்திலோ காரணம் தெரியாமல் இறந்த பிள்ளை உண்டா என்பதையும் மெதுவாகக் கேளுங்கள். உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். வெளியே காத்திருக்கும் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்திருக்கிறேன். செவிலியரோ பயிற்சி மருத்துவரோ அந்தத் தாளை நிரப்பலாம், பெற்றோரே வீட்டில் விசாரித்து எழுதி வரலாம். அதன் ஒரு பிரதியைக் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள். மருத்துவமனைக் கோப்பில் மட்டும் அது இருந்தால் அடுத்த மருத்துவருக்கு அது இல்லாதது போலத்தான்.

எங்கள் பிரதி என்னிடம் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்து, ஒட்டப்பட்டிருக்கிறது. போன மாதம் அதில் ஒரு புதிய வடிவம் சேர்ந்தது. என் தங்கை கருவுற்றிருக்கிறாள். அவளுக்குச் சிறு வயதில் ஜன்னி வந்ததில்லை. தன்னிடம் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள அவள் விரும்பவில்லை, அது அவள் உரிமை என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஆணா பெண்ணா தெரியாத குழந்தைக்கு வம்சாவளித் தாளில் ஒரு சாய்சதுரம் போடுவார்கள். என் மகள் அதை அளவுகோல் வைத்துத் தானே வரைந்தாள். உள்ளே ஒன்றும் தீட்டாமல் விட்டிருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு முதல் காய்ச்சல் வரும்போது தங்கை இந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு உங்களில் யாரோ ஒருவரிடம் வருவாள். அதை மேசையில் விரித்துப் பார்க்க இரண்டு நிமிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
அந்தத் தாளில் கறுப்பாகத் தீட்டப்பட்ட வடிவங்களில் ஒன்றான
ஒரு தந்தை